உப்புப் பூத்த சக்கரம்

வண்டியின் முன்பக்கம் என்னை உட்காரவைத்து, மாட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் பாட்டுப் பாடின என் அப்பாவுக்கு,

திரியைச் சின்னதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். உனக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால் திட்டமாட்டாள். பேசாமல் இருந்துவிடுவாள். எனக்கு அதுதான் பயம்.

விடிந்தால் போகி. எரிக்க வேண்டியதையெல்லாம் வாசலில் சேர்த்து வைத்திருக்கிறாள். கிழிந்த பாய், அடி போன உப்புக் கூடை, தேய்ந்த துடைப்பம். அதற்குப் பக்கத்தில் கடப்பாரையைச் சாத்தி வைத்திருக்கிறாள். பாயையும் கூடையையும் எரிக்கக் கடப்பாரை எதற்கு, அப்பா? உன் சக்கரத்தைப் பெயர்த்து எடுக்கத்தான். வேறு எதற்கு?

நீ போன பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாதே. முதலிலிருந்து சொல்கிறேன்.

கடல் அலை ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அனுமந்தைப் பக்கம் ஒரு கடலோரக் குப்பத்துக்குச் சவுக்குக் கட்டை ஏற்றிப் போயிருந்தாய். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை என்றால் நீ எது கிடைத்தாலும் ஏற்றுவாய். ஊரே டயர் வண்டிக்கு மாறின பிறகும் நீ மரச்சக்கரத்தை விடவில்லை. அன்றைக்கு மத்தியானம் மாடு இரண்டும் தாமாகவே வீட்டுக்கு வந்து நின்றன. மூக்கணாங்கயிறு இருந்தது. நுகம் இல்லை, வண்டி இல்லை, நீ இல்லை. சாயங்காலம் உன்னைத் தூக்கி வந்தார்கள்.

பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு தப்பித்த ஒரு அக்கா காரியத்துக்கு வந்தபோது சொன்னாங்க. தண்ணீர் எழுந்து வருவதைப் பார்த்து எல்லாரும் ஓடினார்களாம். நீ மட்டும் நின்று, நுகத்துப் பூட்டாங்கயிற்றை அவிழ்த்து, மாடுகளை அடித்து விரட்டினாயாம்.

அதைக் கேட்டதிலிருந்து அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "மாட்ட அவுத்த நேரத்துக்கு ஓடி வந்திருந்தா வந்து சேர்ந்திருப்பாரு." மாடுகளை எல்லப்பன் மாமா வீட்டுக்கு ஓட்டிவிட்டாள். தம்பி வீடு அடுத்த தெருதான், ஆனாலும் அந்தப் பக்கம் போனால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். எனக்கும் கேட்கத் தோன்றும். நீ ஏன் அவிழ்த்தாய்? எங்கள் நினைப்பு அப்போது வரவில்லையா?

கொஞ்ச நாள் கழித்து மாமா ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். சவுக்குத் தோப்புக்குள் மணலில் புதைந்து கிடந்ததாம். சக்கரத்தின் நடுக்குடத்தில் நீ அடித்த எண்ணெய் டின் தகரத்தைப் பார்த்து அடையாளம் கண்டுபிடித்தார். பன்னிரண்டு ஆரக்காலில் இரண்டு ஒடிந்திருந்தன. இரும்புப் பட்டை கழன்று வரவில்லை. வண்டி முழுவதையும் பொடியாக்கின தண்ணீர் இதை மட்டும் எதற்கு விட்டுவைத்தது? நான் அதைத் தொடவே பயந்தேன். ஈரமாக இருந்தது. கடல் வாசனை அடித்தது.

"இத எதுக்குடா இங்க கொண்டாந்த?" என்றாள் அம்மா.

"பின்ன, தோப்புல உட்டுட்டா வரச் சொல்ற?"

அது ஆனி மாதம் வரை தோட்டத்துச் சுவரில் சாய்ந்தே கிடந்தது.

அப்போதுதான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரும்பை என்கிற ஊரிலிருந்து, மூலிகைத் தோட்டம் போடச் சொல்லித்தர ஒரு அக்கா வந்தாங்க. கரும்பலகையில் பெரிய வட்டம் போட்டு, நடுவிலிருந்து கோடு இழுத்து, ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு மூலிகைப் பேரை எழுதினாங்க. கல் அடுக்கியும் செய்யலாம், பழைய வண்டிச் சக்கரத்தைப் படுக்கவைத்து மண் நிரப்பியும் செய்யலாம் என்றார்கள். வண்டிச் சக்கரம் என்றதும் எனக்கு நம் தோட்டத்துச் சுவர்தான் ஞாபகம் வந்தது. எல்லாருக்கும் நாற்றுக் கொடுத்தாங்க. துளசி, வல்லாரை, தூதுவளை, நிலவேம்பு. நான் பாவாடை மடிப்பில் வைத்து அதிராமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அம்மா அளத்துக்குப் போயிருந்தாள். சக்கரத்தை நானே தள்ளிச் சாய்த்தேன். விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இடுக்குகளில் மண்ணை நிரப்பினேன். பிறகு, அப்பா, நமக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். காலால் மிதித்தேன். அளத்தில் பாத்தி போடும்போது சேற்றை மிதிமிதியென்று மிதித்து, சிமெண்டுத் தரை மாதிரி ஆக்குவார்கள் இல்லையா? லீவு நாளில் நானும் போய் மிதித்திருக்கிறேனே. அதே மாதிரி ஒரு இடுக்கு விடாமல் மிதித்து, கையால் தேய்த்துச் சமப்படுத்தி, விரலால் குத்தி நாற்றை நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறேன் என்று எனக்கே பெருமை.

நாற்றுகள் முதலில் நுனி கருகின. இன்னும் தண்ணீர் வேண்டுமாக்கும் என்று இன்னும் ஊற்றினேன். எல்லாம் செத்துப்போயின.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தோட்டத்துக் கதவைத் திறந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். சக்கரம் வெள்ளையாக இருந்தது. ஒவ்வொரு இடுக்கிலும் உப்புப் பூத்திருந்தது. சாயங்கால வெயில் பட்டுப் பட்டு மின்னியது. காய்ந்த துளசிக் குச்சியின்மேல்கூடப் பொடிப்பொடியாக உப்பு ஒட்டியிருந்தது. வானத்திலிருந்து ஒரு பெரிய பூ நம் தோட்டத்தில் விழுந்துவிட்ட மாதிரி இருந்தது, அப்பா. அழவேண்டும் என்று தெரிந்தது, அழுகை வரவில்லை. அவ்வளவு அழகு.

பின்னாலேயே அம்மா வந்தாள். பார்த்தாள். பிறகு சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"டேய் எல்லப்பா, இங்க ஓடியாடா! ஒம் மருமவ அளம் போட்டிருக்கா பாரு!"

மாமா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, அயோடின் கலந்தியா? இல்லன்னா விக்க உட மாட்டான். லாரி வரச் சொல்லட்டா?"

"மிதிச்சிருக்காடா! செடி வைக்கிற மண்ண மிதிச்சிருக்கா!"

சிரித்துக்கொண்டே அம்மா ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தாள். சிரிப்பு நின்றுபோயிற்று.

"இது நம்ம அளத்து உப்பு இல்லடா," என்றாள். "அன்னிக்குக் கால்வா வழியா ஏறி வந்து இங்க நின்னுச்சே, அந்தத் தண்ணியோட உப்பு."

உன்னைக் கொண்டுபோன தண்ணீர் திரும்பிப் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அது நம் மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் அதன்மேல் கோலம் போட்டேன், துணி உலர்த்தினேன்.

அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "போகி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இதுல ஒழுங்கா ஒரு செடி நிக்கல, நெருப்புல போட்டுருவேன். உப்பு விளையிற சக்கரம் எனக்கு வேணாம்."

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சக்கரமும் எரிந்தால் நீ தொட்ட மரம் என்று இந்த வீட்டில் எதுவும் மிச்சமில்லை. உப்பை எப்படி வெளியே அனுப்புவது? நம் ஊரில் எல்லாருக்கும் உப்பை வரவைக்கத்தான் தெரியும். போகவைக்க யாருக்குத் தெரியும்? பிறகு எனக்கே தோன்றியது. அளத்துக்காரங்க எதைப் பார்த்துப் பயப்படுவாங்க? மழையைப் பார்த்துத்தானே. ஒரு மழை பெய்தால் குவித்த உப்பு கரைந்து ஓடிவிடும், அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவாள். அப்படியென்றால் எனக்கு மழை வேண்டும்.

மிதித்ததையெல்லாம் கொத்திக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கினேன். சக்கரத்துக்கு அடியில் ஒரு பக்கம் பள்ளம் பறித்துத் தண்ணீர் வெளியே போக வழி விட்டேன். பிறகு மழைக்காக வேண்டிக்கொண்டேன். மழை வந்தால் அம்மாவுக்கு வேலை போகும் என்று தெரிந்தே, அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டே வேண்டிக்கொண்டேன். எனக்கு என்ன தைரியம் பார்.

வந்தது பார் மழை! ஐப்பசியில் பிடித்தது விடவே இல்லை. தெருவெல்லாம் வெள்ளம். கூரையில் விழுகிற சத்தம் அலைச் சத்தம் மாதிரியே இருக்கும். அம்மாவும் நானும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நான்தான் இதைக் கூப்பிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். மழை கொஞ்சம் ஓய்ந்ததும் ஓடிப்போய்ப் பள்ளத்துத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரித்தது. பிறகொரு நாள் கொஞ்சம் கரித்தது. பிறகொரு நாள் வெறும் மழையாக இருந்தது.

முதலில் முளைத்தது நான் நட்டது இல்லை. கீழாநெல்லி தானாகவே வந்தது. ஒடிந்த ஆரக்கால் பக்கத்தில், அளத்து வரப்பில் சிவப்பாக முளைக்குமே உமரி, அது வந்தது. விதை எங்கிருந்து வந்தது? தண்ணீரே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்குமா? மாமா அளத்து முதலாளி வீட்டிலிருந்து கற்பூரவல்லிக் கிளை ஒன்றை மடியில் மறைத்து எடுத்துவந்தார். "கேட்டு வாங்குனா வளராது, தெரியாம எடுத்தாதான் வளரும்," என்றார். வளர்ந்தது. பக்கத்து வீட்டு அத்தை தூதுவளை கொடுத்தாங்க. வல்லாரையைச் சுவர் நிழல் விழுகிற இடுக்கில் வைத்தேன். அது இப்போது ஆரக்காலைத் தாண்டி ஏறிப் பக்கத்து இடுக்கை எட்டிப் பார்க்கிறது.

உனக்கு இதைக் காட்ட முடிந்தால்! காலையில் சுவர் நிழல் ஒரு பக்கத்து இடுக்குகளை மூடியிருக்கும். நேரம் ஏற ஏற ஒவ்வொன்றாக வெயிலுக்குள் வரும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காலையில் வெயிலில் இருந்தது நிழலில் இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். சக்கரம் நிற்கவில்லை, அப்பா. மண்ணில் படுத்துக்கொண்டே சுற்றுகிறது. இத்தனை பெரிய வெயிலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது.

இவ்வளவும் நிற்கிறது. ஆனால் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொங்கல் நெருங்க நெருங்க, அந்தப் பக்கம் போய் நின்று குனிந்து பார்ப்பாள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வருவாள். இன்றைக்குக் கடப்பாரையை எடுத்து வைத்துவிட்டாள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. நீ இருந்தால் கேட்பாய்.

கதவுச் சத்தம் கேட்கிறது. அம்மா எழுந்து போகிறாள். கடப்பாரையை எடுத்துக்கொண்டுதான் போகிறாள்.

அப்பா, விளக்கை அணைத்துவிட்டு ஓடினேன். இப்போது வெளுத்துவிட்டது, திண்டாட்டமெல்லாம் முடிந்து வந்து எழுதுகிறேன்.

இருட்டில் அம்மா சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். கடப்பாரை மண்ணில் இறங்குகிற சத்தம். "வேணாம்மா! செடி நிக்குதும்மா! பாரும்மா!" என்று கத்திவிட்டேன்.

"ஏன்டி கத்தற? ஊரக் கூட்டப் போறியா?"

"சக்கரத்தப் பேக்காதம்மா."

"சக்கரத்த யாருடி பேத்தா?" என் கையைப் பிடித்து இழுத்து, ஆரக்கால் ஓரத்தில் வைத்துத் தேய்த்தாள். நறநறவென்று இருந்தது. "மழ நின்னுபோச்சு. வெயில் ஏற ஏற அடியில கெடக்கற உப்பு மேல வரும். நாலு நாளா பாக்கறேன், பூத்துக்கிட்டே வருது. உனக்கு எங்க கண்ணு தெரியுது? நீ பறிச்ச பள்ளம் எலி வளையாட்டம் இருக்கு. ஆழமா வெட்டி நல்ல தண்ணிய உட்டாத்தான் செடி நிக்கும்."

"பகல்ல செய்யலாமேம்மா."

"பகல்ல எனக்குப் பொங்க வேல யாரு செய்வா, உங்கப்பனா?"

சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். ரொம்ப நாளாக உன்னை அப்படி அவள் சொன்னதில்லை. மண்ணை அள்ளி அள்ளி வெளியே போட்டாள். நான் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாக எடுத்துவந்து ஊற்றினேன். தண்ணீர் புதுப் பள்ளத்தில் சத்தமில்லாமல் இறங்கி ஓடியது. பயத்தோடவே கேட்டுவிட்டேன். "அப்பா ஏம்மா மாட்ட அவுத்தாரு?"

கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "அவுக்காம ஓடி வந்திருந்தா, வந்தது உங்கப்பனா இருந்திருக்க மாட்டாரு," என்றாள். "போ, போய் மாமங்கிட்ட சொல்லு. மாட்டுப் பொங்கலுக்கு மாட்ட இங்க ஓட்டியாரச் சொல்லு. கொம்புக்கு நாந்தான் வர்ணம் அடிப்பேன்."

தெருவில் பிள்ளைகள் போகி மேளம் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வாசலில் பாய் எரிகிறது, கூடை எரிகிறது. உப்புக் கூடை பச்சையும் மஞ்சளுமாகப் படபடவென்று எரிகிறது. தோட்டத்தில் உன் சக்கரம் நனைந்து கிடக்கிறது. கற்பூரவல்லி வாசனை புகையையும் மீறி வருகிறது.

என் பயம் போகவில்லை. கடல் இப்போதும் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த உப்பும் அடியில் இருக்கிறது, ஒவ்வொரு கோடைக்கும் மேலே வரப் பார்க்கும் என்று அம்மா சொல்கிறாள். வரட்டும். காலையில் எழுந்து பல் விளக்கும் முன்னால் ஒரு குடம் நல்ல தண்ணீர் அதற்கு ஊற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. கொத்துவேன், ஒருநாளும் மிதிக்கமாட்டேன். நாளை மறுநாள் மாடுகள் வரும்போது அவற்றைச் சக்கரத்துப் பக்கத்தில் நிறுத்தி, உன்னை மாதிரியே கழுத்தைத் தடவி, கயிற்றை அவிழ்த்து விடுவேன். இது சத்தியம், அப்பா.

நீ கயிற்றைக் கையில் கொடுத்த,
உன் மக செல்வி