பாய் எழுந்து நின்ற மத்தியானம்

பாய்,

இன்று காலை நரேலாவில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே எவனோ பஞ்சு அடித்துக்கொண்டிருந்தான். வில்லின் நாண் தெறிக்கிற அந்தச் சத்தம். குளிர் வருகிறது, பஞ்சு ரஜாய்ப் போர்வை தைக்கிற காலம்தானே என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். நடுவில் சட்டென்று நின்றது. பீடி பற்றவைக்கத்தான் நிறுத்தியிருப்பான். ஆனாலும் சன்னலைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. உங்கள் நாண் நின்றால் அதற்கு அர்த்தமே வேறு அல்லவா?

எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுகிறார்.

முன்பு நாம் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில், நாலாச் சாக்கடையை ஒட்டி, கோணிப் படுதா கட்டிய கொட்டகையில் உட்கார்ந்து பஞ்சு அடிப்பீர்கள். சுடுகாட்டுக்கும் கபரஸ்தானுக்கும் அந்தப் பாதையாகத்தான் பிணங்கள் போகும். யார் வீட்டுப் பிணமானாலும் வில்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பீர்கள். அது தாண்டிப் போகும்வரை உட்கார மாட்டீர்கள். எங்கள் இந்து ஆட்களின் பிணத்துக்குக்கூட எதற்கு எழுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"நாயகம் ஒரு தடவை உக்காந்திருந்தாங்க. ஒரு யூதரோட ஜனாஸா போச்சு. எழுந்துட்டாங்க. அது யூதராச்சேன்னு பக்கத்துல சொன்னாங்க. அதுவும் ஒரு உசுரு இல்லையான்னு கேட்டாங்க, நாயகம். அவ்ளோதான் தம்பி" என்றீர்கள்.

அது எனக்குப் பிடித்திருந்தது. பயம் வேறு விஷயத்தில். பாடை திருப்பத்தில் தெரிவதற்கு முன்பே உங்கள் நாண் நின்றுவிடும். சங்கும் கேட்காது, அழுகையும் கேட்காது. நீங்கள் மட்டும் நிற்பீர்கள். கொஞ்சம் கழித்துத்தான் பாடை வரும். டீக்கடைக் கோவிந்தன், "பாய் எழுந்துட்டாரு, இன்னிக்கு எவன்டா டிக்கெட் வாங்கினவன்?" என்பான். சிரிப்போம். சிரித்துவிட்டு அவனவன் தன் குடிசைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வான்.

எமர்ஜென்சி முடிந்து அடுத்த குளிர்காலம். என் மூன்றாவது பெண்ணுக்குப் பத்து மாதம். நாலு நாளாகக் காய்ச்சல், மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று என் பெண்சாதி பச்சையம்மா அழுதாள். "மூணாவதும் பொட்டை. அதுக்காக ஒரு நாள் வேலையைக் கெடுக்கணுமா?" என்றேன். சொன்னது நான்தான் பாய். அதில் ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை.

அன்று மத்தியானம் அவள் அழுகை தாங்காமல், பூசாரியிடம் விபூதி போட்டு வரலாம் என்று குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு உங்கள் கொட்டகைப் பக்கம் வந்தேன்.

நாண் நின்றது. நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

உங்கள் புருவத்திலும் தாடியிலும் பஞ்சு. கொட்டகை முழுக்க வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது. கோவிந்தன் வாயைத் திறந்தவன், மூடிக்கொண்டான். நான் திரும்பிப் பார்த்தேன். வெயிலடித்துக் கிடந்த பாதை. ஒரு பாடையும் இல்லை, ஓர் ஆளும் இல்லை. இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தேன். எதுவும் வரவில்லை. அப்போதுதான் என் கையிலிருந்த கனம் எனக்கு உறைத்தது.

"உக்காருங்க பாய். உங்க கால்ல விழறேன், உக்காருங்க."

நீங்கள் உட்காரவில்லை. உங்கள் கண் என் தோளுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது.

"ரெண்டு கையாலயும் புடி தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போ. ஜல்தி."

ஓடினேன். இத்தனை நாள் தூங்கினாயா என்று டாக்டரம்மா இந்தியில் திட்டினாள். ஒன்பது நாள் மூக்கில் குழாயோடு கிடந்தது குழந்தை. பத்தாம் நாள் என் விரலைக் கடித்தது. பல் முளைத்திருந்தது. அது முளைத்ததே எனக்குத் தெரியாது.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக உங்களிடம் தூக்கி வந்தேன். மறுபடியும் எழுந்து நின்றீர்கள். நான் குழந்தையை இறுக்கிக்கொண்டேன். நீங்களோ சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்து, நீங்கள் உட்கார்ந்திருந்த கோணியில், அந்தச் சூட்டிலேயே உட்கார வைத்தீர்கள்.

"மக ஃபாத்திமா வந்தா நாயகம் இப்படித்தான் எழுந்து நிப்பாங்க. முத்தம் குடுத்து, தான் இருந்த எடத்துல உக்கார வெப்பாங்க. நீ இவளைத் தூக்கிக்கிட்டு வந்தது அன்னிக்குத்தான் மொதத் தடவ. இவளுக்காகத்தான் எழுந்தேன். நீ பாடைன்னு நெனச்சுக்கிட்ட."

"அதுக்கு மட்டுந்தானா பாய்? என் பின்னால எதையோ பார்த்தீங்களே?"

வில்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். "எழுந்தது யாருக்குன்னு சொல்லிட்டேன். பார்த்தது என்னன்னு கேக்காத."

கேட்கவில்லை. நீங்களும் சொல்லாமலே கபருக்குப் போய்விட்டீர்கள்.

அவளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருவாள். எனக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. ஆனாலும் அவள் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன். "உக்காருப்பா, நான் என்ன மந்திரியா?" என்று திட்டுவாள். கையைப் பிடித்து இழுத்து என் கட்டிலில் உட்கார வைப்பேன். அவள் முகத்தை மட்டும்தான் பார்ப்பேன், பாய். அவளுக்குப் பின்னால் கதவு திறந்தே கிடக்கும். அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்.