பூசணிக்காயில் கப்பல் வழி

காரிமங்கலம்,
1943, ஐப்பசி மாசம்

சிரஞ்சீவி மாதேஸுக்கு உன் அப்பா பெரியண்ணன் எழுதுவது. இங்கே உன் அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பம்பாய்க் கப்பல் பள்ளிக்கூடத்தில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை.

உன் கடுதாசி வந்து நாளாகிவிட்டது. பதில் போடாததற்குக் கடை வேலையைச் சாக்குச் சொல்ல மாட்டேன். அடுத்த மாசம் பரீட்சை, தேறினால் கப்பலில் ஏற்றுவார்கள், தேறாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், ஆசீர்வாதம் செய்யுங்கள் என்று எழுதியிருந்தாய். எதற்கு ஆசீர்வாதம் செய்வது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. சண்டைக் காலத்தில் கப்பல்கள் முழுகுகிற சங்கதி பேப்பரில் வந்தபடி இருக்கிறது. உன் அம்மா ராமக்கா, நீ பெயிலாகி வரவேண்டும் என்று முனியப்பனுக்குக் கிடா நேர்ந்துகொண்டிருக்கிறாள். இதை உன்னிடம் மறைக்க எனக்கு மனசில்லை. பிள்ளை பெயிலாவதற்குக் கிடா நேர்ந்தவள் இந்தச் சேலம் ஜில்லாவிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நான் தடுக்கவில்லை. கூட நின்று கும்பிடவும் இல்லை.

சரக்கைக் கண்ணால் பார்க்காமல் நான் விலை பேசினதில்லை. பரீட்சையில் உன்னைப் பயமுறுத்துகிற அந்தக் கோள க்ஷேத்திர கணிதம் என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம் என்று, நீ அதைப்பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆப்பிரிக்காவின் தென்கோடியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போக, பூகோளப் படத்தில் நேராகத் தெரிகிற வழி தூரமாம், தெற்கே வளைந்து போகிற வழிதான் கிட்டமாம். நானும் பாலக்கோட்டுக்கும் தர்மபுரிக்கும் வண்டி விட்டே ஆளானவன். வளைந்த வழி கிட்டம் என்று ஒரு வண்டிக்காரன் வந்து சொன்னால் அவனுக்கு மறுநாள் வேலை கொடுக்க மாட்டேன். நீ சொல்கிறாய் என்பதால் யோசித்தேன்.

அந்த இரண்டு வழியையும் உருண்டையான ஒரு பொருளில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தாயே. கடையில் இருப்பது புளி உருண்டைதான். நூலைச் சுற்றினால் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. அமாவாசைக்குக் கடை வாசலில் திருஷ்டி சுற்றி உடைக்க உன் அம்மா சந்தையில் வாங்கிவைத்த பூசணிக்காய் நல்ல உருண்டையாக இருந்தது. அதை எடுத்தேன். ஈர்க்குச்சியால் இழுத்தால் மேலே உள்ள சாம்பல் விலகிப் பச்சைக்கோடு தெரிகிறது. நடு வயிற்றுக்குக் கீழே ஒரே மட்டத்தில் இரண்டு புள்ளி வைத்து, நடுவில் நூலை இறுக்கிப் பிடித்தேன். நூல் மட்டத்தில் நிற்காமல், நீ சொன்ன தெற்கு மாதிரியே, தானாகக் கீழ்ப்பக்கம் சரிந்தது. அவிழ்த்துக் கட்டினாலும் அப்படித்தான். நூலுக்கு என்னை ஏமாற்ற என்ன அவசியம்?

அதோடு விட்டிருக்கலாம். புளி மண்டிக்குச் சுவர் எழுப்புகிற கொத்தனார் மாதுவைக் கூப்பிட்டு மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கச் சொன்னேன். நடு வயிற்றைச் சுற்றி ஒரு கோடு. அதில் கால் சுற்று இடைவெளி விட்டு, மட்டம் பார்த்து நேர் மேலே இரண்டு கோடு. எதையும் வளைக்கவில்லை. இரண்டும் காம்பில் போய் முட்டிக்கொண்டன. மூன்று மூலையிலும் மட்டம் சரியாக உட்கார்ந்தது. தரையில் போட்டால் எந்த முக்கோணத்திலும் ஒரு மூலைக்குமேல் அப்படி உட்காராது. மாது தலையைச் சொறிந்துகொண்டு, மொதலாளி, நா இதுவரைக்கும் கட்டின சொவரு மேலயெல்லாம் இப்ப சந்தேகமா இருக்குதுங்க என்றான். சுவர் தரையில்தானே நிற்கிறது, போய்க் கட்டு என்று அனுப்பிவிட்டேன்.

பிறகு தர்மபுரிப் பள்ளிக்கூடத்துச் சவுரியப்பன் வாத்தியார் புளி வாங்க வந்தார். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்ததில் சட்டையெல்லாம் கறுப்பு. அவரைப் பிடித்துக்கொண்டேன். பலகை மேல போட்ட கோட்டுக்கு ஒரு கணக்குங்க, உருண்டை மேல போட்ட கோட்டுக்கு வேற கணக்கு, அந்த ரெண்டாவதுக்குத்தான் இந்தப் பேரு என்றார். எதற்கு உதவும் என்று கேட்டேன். நடுக்கடலில் மைல்கல் ஏது, நட்சத்திரத்தை அளந்து, கப்பல் இருக்கிற இடத்தை இந்தக் கணக்கால்தான் கண்டுபிடிப்பார்கள் என்றார்.

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா வெளியே வந்துவிட்டாள். அப்ப இந்தக் கணக்கு வராட்டி, திரும்பி வர்ற வழி தெரியாதுங்களா என்று கேட்டாள். தெரியாதுங்கம்மா என்று அவர் சொல்லிவிட்டுப் புளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் இவள் முனியப்பன் கோயிலுக்குப் போய்வந்தாள். வேண்டுதலை மாற்றிவிட்டாயா என்றேன். மாத்தலீங்க, எதக் கேக்கறதுன்னு தெரியல, சும்மா கும்புட்டுட்டு வந்துட்டேன் என்றாள். எனக்கும் அதே நிலைமைதான். நீ தேறவேண்டும் என்று எழுதப் பேனாவை எடுத்தால் கடல் தெரிகிறது. தேறாமல் வா என்று எழுத நினைத்தால், நீ சின்ன வயதில் கடை மாடியில் படுத்து வானத்தைப் பார்த்துக் கிடந்தது தெரிகிறது.

அமாவாசைக்கு வேறு காய் வாங்கி உடைத்தோம். கோடு போட்ட இந்தக் காயை உடைக்க நான் எடுத்ததற்கு, எம்புள்ள போற வழி இதுல இருக்குது, கையை எடுங்க என்றாள். நம் ஊர் எது என்று கேட்டு அங்கே ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். பொட்டிலிருந்து விரலை வைத்து ஒரே நேராக இழுத்துக்கொண்டே போனாள். விரல் சுற்றிக்கொண்டு பொட்டுக்கே வந்தது. எங்கயுமே திரும்பலீங்களே, எப்பிடி வந்துட்டுது என்று என்னைக் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உனக்குத் தெரியும் அல்லவா? அதை அவளுக்குப் புரிகிற மாதிரி ஒரு கடுதாசியில் எழுது.

பரீட்சையை நன்றாக எழுது. பாதி தெரிந்துகொண்டு மட்டும் கப்பல் ஏறாதே. அம்மா அந்தக் காயை உறியில் தொங்கவிட்டிருக்கிறாள். தை கடைசி வரைக்கும் தாங்கும் என்று விற்றவன் சொன்னான். அதற்குமேல் அழுகிவிடும். அதற்குள் லீவு கேட்டு ஒரு நடை வா. உனக்குத் திருஷ்டி சுற்றி, வாசலில் அதை உன் கையாலேயே உடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வழிக்கு மாரியம்மனைத் துணை வைக்கும்,
இன்னும் தெளியாத உன் அப்பா,
பெரியண்ணன்