ஐஸ் பெட்டிக்குள் ஓர் அடுப்பு

உ

காட்டுவளவு,
திருச்செங்கோடு வழி,
சித்திரை மாதம், 1986.

அன்பு மகன் வேலுமணிக்கு உன் அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கப்பாவும், எருமையும் கன்றும், கொட்டாயில் இருக்கும் கோழிக்குஞ்சுகளும், நீ மஸ்கட்டிலிருந்து கப்பலேற்றி அனுப்பிய பிரிட்ஜும் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், உன் சுகத்துக்கும் திருச்செங்கோட்டு மலை இருக்கும் திக்கைப் பார்த்து தினமும் ஒரு கும்பிடு போடுகிறேன். பிரிட்ஜின் சுகத்தைக் கடைசியில் எழுதியதால் அது இந்த வீட்டில் கடைசி ஆள் என்று நினைத்துவிடாதே. போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்த அன்றுகூட உங்கப்பா எழுந்ததும் அதன் கதவைத் திறந்து உள்ளே கையை வைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையைத்தான் அப்புறம் என் நெற்றியில் வைத்தார். "உனக்கு அதவிடச் சூடு கம்மிதான்" என்று சொல்லிவிட்டும் போனார்.

பெட்டிக்கு அனுப்பிய சாமான் வந்து சேர்ந்ததா, மாட்டியாகிவிட்டதா, ஓடுகிறதா என்று கேட்டிருந்தாய். உங்கப்பாவிடம் சொன்னதற்கு "ஓடுதுன்னு ஒரு வரி எழுதிப்போடு, போதும்" என்றார். ஓடாமல் கிடந்த கதையை எழுதிவிடுவேனோ என்று அவருக்குப் பயம். நான் மூன்றாங்கிளாஸோடு நின்றவள்தான், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், கதையில் பிழை இருக்காது. மாசி கடைசியில் பெட்டியின் மேல் அறை முழுக்க ஐஸ் ஏறிக்கொண்டது, கீழ் அறையோ என் சமையல்கட்டைவிடச் சூடு. வைத்த பால் தானாகவே தயிராயிற்று, "உறை ஊத்தற வேல மிச்சம் புள்ள" என்று உங்கப்பா சந்தோசப்பட்டார். சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் அதைச் சாமி சுற்றுவதுபோலச் சுற்றி வந்துவிட்டு, "இது வெளிநாட்டுச் சரக்குங்க, சாமான் இங்க கெடைக்காதுங்க" என்று ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார், அந்த மோரும் பானை மோர்தான். அப்புறம் உங்கப்பா விடுவாரா, போர் போடுகிற ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைத்த மனுசனுக்கு ஒரு தகரப் பெட்டி எம்மாத்திரம். மேல் அறையின் பின் தகட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டு, "ஏ புள்ள, இங்க வந்து பாரு இந்த அநியாயத்த, குளுர்ப் பொட்டிக்குள்ள அடுப்பு வெச்சிருக்கறான்" என்றார். நிசமாகவே அடியில் ஒரு ஹீட்டர் கம்பி, கருகிப்போய்க் கிடந்தது. "கரண்டு செலவாகோணும்னே வெச்சிருக்கறானுங்க, அதுவா எரிஞ்சுபோனது நல்லதாப் போச்சு, அடுப்பில்லாமயே ஓடட்டும்" என்று ஐஸைத் தட்டி எடுத்துவிட்டு மூடிவிட்டார். ஒரு வாரத்தில் மறுபடியும் மேலே மலை, கீழே வெயில். பெட்டி ஓடவில்லை என்று எழுதிப்போட்டதற்கு அப்புறம்தான் உன் கடுதாசி வந்தது. உள்ளே ஐஸ் கட்டுவது வழக்கம், டைமர் நேரம் பார்த்து மிஷினை நிறுத்தி அந்த அடுப்பைப் பற்றவைக்கும், ஐஸ் கரைந்து பின்னால் இருக்கும் தட்டில் வடியும், கரைந்து முடிந்ததும் பக்கத்தில் இருக்கிற வில்லை போன்ற குட்டிச் சுவிச்சு ஒன்று அடுப்பை அணைத்துவிடும் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு உங்கப்பா, "இத மொதல்லயே சொல்றதுக்கு அவனுக்கென்ன" என்று உன்மேல் கோபித்துக்கொண்டார். நீ பெட்டியைத்தானே அனுப்பினாய், அதோடு நீயும் அல்லவா வந்திருக்க வேண்டும்.

பால் கெட்டால் கெட்டுப்போகட்டும், எனக்குக் கவலை கோழிக்குஞ்சைப் பற்றித்தான். இடுப்பு பிடித்துக்கொண்டு ரிக் வண்டியை விட்டு இறங்கினவரைக் கெஞ்சிக் கூத்தாடி இந்தக் கோழிக் கொட்டாயில் உட்கார வைத்தது நான் என்று உனக்குத் தெரியும். இதுதான் முதல் செட்டுக் குஞ்சு. இது தேறினால் மனுசன் வீட்டோடு இருப்பார், போய்விட்டால் மறுபடியும் ரிக்தான், அந்த இடுப்போடு எந்தக் காட்டில் போய்ப் படுப்பாரோ. ரிக் முதலாளியிடம் "சித்திரைக்கு மேல சொல்லுறனுங்க" என்று எனக்குத் தெரியாமல் சொல்லியும் வைத்திருந்தார், எனக்குத் தெரியாது என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த நேரம் பார்த்துக் குளத்துக்கு அந்தப்பக்கத்துப் பண்ணையில் வெள்ளைக்கழிச்சல் வந்து, கோழியைக் கூடை கூடையாகக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். நம் குஞ்சுக்கும் ஊசி போடும் வயசு வந்துவிட்டது. நாமக்கல்லில் மருந்து என்றைக்கு வருகிறதோ அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஊசி போடுகிறவர் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார், அதுவரைக்கும் மருந்து குளிரிலேயே இருக்கவேண்டும், சூடு பட்டால் அது வெறும் தண்ணீர். இந்தப் பக்கத்தில் பிரிட்ஜ் இருக்கிற வீடு நம்முடையது ஒன்றுதான், உன் சித்தப்பா சின்னண்ணனின் பண்ணை மருந்தும் இங்கேதான் வந்தாகவேண்டும்.

நீ ஆட்டையாம்பட்டிக்காரரிடம் கொடுத்தனுப்பிய பொட்டலம் அந்த வாரம் வந்து சேர்ந்தது. பால் பவுடர் டப்பாவும் சோப்பும் எடுத்து வைத்துக்கொண்டேன், சோப்பு வாசம் பெண் பார்க்கப் போகிறவனுக்குப் பொருத்தமாக இருக்கிறது, அதைப்பற்றிக் கீழே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ராகு காலம் போகட்டும் என்று காத்திருந்து, அதே பொட்டலத்தில் வந்த டைமர், ஹீட்டர், வில்லை எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் உங்கப்பா திருப்புளியைக் கையில் எடுத்தார். பிளக்கைப் பிடுங்கி, குஞ்சுகள் சின்னதாக இருந்தபோது சூட்டுக்குத் தொங்கவிட்ட பெரிய பல்பைக் கொண்டுவந்து ஐஸுக்கு முன்னால் கட்டினார். ஐஸ் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது, பெரிய போசியில் பிடித்து வைத்தேன். கரைகிறவரைக்கும் சும்மா இருக்கவேண்டாம் என்று ரிக் வண்டிக் காலத்து டெஸ்ட் லாம்பை எடுத்தார், அதுதான், ஒரு பல்பில் இரண்டு ஒயர் தொங்குமே, எந்தச் சாமானையும் அதில் தொட்டுப் பார்ப்பார், பல்பு எரிந்தால் சாமான் உயிரோடு இருக்கிறது, எரியாவிட்டால் செத்தது, ரிக்காரர் சட்டம் அவ்வளவுதான். டைமருக்கு எரிந்தது, ஹீட்டருக்கு எரிந்தது, வில்லைக்கு எரியவில்லை. திருப்பித் திருப்பித் தொட்டுப் பார்த்தும் எரியவில்லை. "போச்சு, செத்த சாமானக் கட்டிக் குடுத்து எம்பையனக் கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்று மஸ்கட் கடைக்காரரின் வம்சத்தையே திட்டி, வில்லையைத் தூக்கி ஐஸ் போசியில் எறிந்தார். "இப்ப என்னங்க பண்றது" என்று கேட்டேன். "டைரக்டாக் குடுத்துட்டாப் போவுது, நடுவுல இவன் எதுக்கு" என்றார். ரிக் வண்டியில் எது கெட்டாலும் டைரக்டாகக் கொடுத்துப் பழகினவர் அல்லவா, சுவிச்சு கெட்டால் டைரக்ட், பியூசு போனால் டைரக்ட், கல்யாணத்துக்குக்கூட என் அப்பாவிடம் தூது விடாமல் டைரக்டாக வந்து கேட்டவர்தான்.

அப்படியே டைமரையும் ஹீட்டரையும் மாட்டி, வில்லையை விட்டுவிட்டு ஒயரை ஒட்டிப்போட்டார். தகட்டை மூடி, பிளக்கைச் செருகி, டைமரைத் திருப்புளியால் திருகி அடுப்பை எரிய வைத்துப் பார்த்தார். உள்ளே சூடு ஏறியது. "பாத்தியா" என்று என்னைப் பார்த்தார், பார்த்தேன். அதை எரிய விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். ரசத்துக்கு வரும்போது வாசம் வந்தது, ரசத்து வாசம் இல்லை. ஓடிப்போய்த் திறந்தால் உள்பக்கத்து பிளாஸ்டிக் அப்பளம்போல உப்பி நிற்கிறது. அணைக்கிற வில்லை இல்லாத அடுப்பு தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு உங்கப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார், இடுப்பில் கை. அந்த நேரத்துக்கு உன் சின்னண்ணன் சித்தப்பா பிளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்குகிறார். "ஏனுங்கண்ணா, ரெண்டு பண்ணைக்கும் மருந்து வாங்கியாந்துட்டனுங்க, பொட்டி தயாருங்களா, பஸ்ஸுல வாரக்குள்ள ஐஸு பாதி கரைஞ்சு போச்சுங்க" என்றார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்கண்ணா, குஞ்சு பொரிக்கறதுக்கு வெச்சிருக்கறீங்களா" என்று கேட்டார்.

பிளாஸ்க்குக்கு ஐஸாவது போடலாம் என்று நான் போசியை இழுத்துக் கரண்டியால் ஐஸை அள்ளினேன். அள்ளும்போது ஐஸோடு அந்த வில்லையும் வந்தது, செத்த சாமானுக்கு மருந்தோடு என்ன வேலை என்று எடுத்து வெளியே உங்கப்பா பக்கத்தில் போட்டேன். நான் ஐஸைத் திணித்து மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போது டிக் என்று ஒரு சத்தம், பல்லி நாக்கைத் தட்டுவதுபோல. பெண்டாட்டி கூப்பிட்டால் கேட்காத காது உங்கப்பாவுக்கு, மிஷின் முனகினால் பக்கத்து ஊரிலிருந்தே கேட்கும். வில்லையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் ஐஸுக்குள் அமுக்கினார். கொஞ்சம் பொறுத்து உள்ளேயே டிக். வெளியே எடுத்து டெஸ்ட் லாம்பில் தொட்டார், பல்பு எரிந்தது. உள்ளங்கையில் மூடிச் சூடு காட்டினார், டிக், பல்பு அணைந்தது. அது சாகவே இல்லை, குளிர்ந்தால்தான் கண் திறக்கிற ஜாதி. ஐஸ் இருக்கிறவரைக்கும் அடுப்பை எரிய விடும், சூடு ஏறினால் தானே அறுத்துக்கொள்ளும். இந்தச் சித்திரை வெயிலில் வைத்து அதை எரியவில்லை என்று சொன்னால் அது என்ன செய்யும். உங்கப்பாவும் சித்தப்பாவும் அதை ஐஸில் போடுவதும் எடுப்பதுமாகக் கொஞ்ச நேரம் விளையாடினார்கள், "பிளாஸ்க்குல மருந்து இருக்குதுங்க" என்று நான் சொல்லும்வரைக்கும். அப்புறம் ஒட்டின ஒயரைப் பிரித்து, நீ எழுதியிருந்தபடி வில்லையைக் குழாயில் கவ்வ வைத்து மாட்டினார். பொழுது சாய்வதற்குள் பெட்டி குளிர்ந்துவிட்டது, மருந்து உள்ளே போய்விட்டது. திட்டு வாங்கின கடைக்காரரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நீ அந்தக் கடைப் பக்கம் போனால் எங்கள் சார்பில் ஒரு கும்பிடு போட்டுவிடு, எதற்கென்று சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை ஊசி போட்டாயிற்று. அந்தப்பக்கத்துப் பண்ணையில் இன்னும் புதைக்கிறார்கள், பாவம், நம் கொட்டாயிலும் சித்தப்பா கொட்டாயிலும் மாரியாத்தா புண்ணியத்தில் ஒன்றுக்கும் தலை சாயவில்லை. இப்போது சுற்று வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் மருந்தை இங்கேதான் கொண்டுவந்து வைக்கிறார்கள், வாசலில் நின்று "ஆஸ்பத்திரி தெறந்திருக்குதுங்களா" என்று கேட்கிறார்கள். உங்கப்பா பெரிய டாக்டர் மாதிரி கதவைத் திறந்து மூடுகிறார். உன் அம்மா வெயிலில் ஜில்லென்று தண்ணீர் குடிக்கட்டும் என்றுதானே நீ இதை அனுப்பினாய். போன வாரம் ஒரு சொம்புத் தண்ணீர் வைக்கப் போனேன், "மருந்து இருக்கற எடத்துல திங்கற குடிக்கற பண்டம் வெக்கப்படாது" என்று சொம்பை வெளியே எடுத்து வைத்துவிட்டார். நாமக்கல் கோழிக்கெல்லாம் குளிர்ச்சி கிடைத்துவிட்டது, பெற்றவளுக்கு இன்னும் முறை வரவில்லை.

நேற்று ரிக் முதலாளி ஆள் அனுப்பியிருந்தார், வண்டி ஆந்திராவுக்குக் கிளம்புகிறதாம், வரச்சொன்னாராம். நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டு காது கொடுத்தேன். உங்கப்பா செருமிக்கொண்டு, "இப்ப வர முடியாதுங்க, ஊட்டுல நாலு பண்ணை மருந்து கெடக்குது, பொட்டிய என்னைத் தவுத்து வேற ஒருத்தருக்கும் பாக்கத் தெரியாதுங்க" என்றார். வந்த ஆள் போன பிறகு பிரிட்ஜ் பக்கத்தில் போய்க் காதை வைத்து டைமர் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றார். முறத்தை வைத்துவிட்டுப் போய்ப் பானையில் ஒரு சொம்பு மொண்டு குடித்தேன். நல்ல குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள், சாப்பாட்டை டைரக்டாகக் கடையில் முடித்துக்கொள்ளாமல் பொங்கித் தின்னு. நீயும் அங்கே எண்ணெய்க் கிணற்று ரிக்கில்தான் நிற்கிறாய், ஒரு வீட்டுக்கு ஒரு ரிக்காரர் போதும் என்று அந்த முருகனிடம் சொல்லியிருக்கிறேன், உன்னிடமும் சொல்லிவைக்கிறேன். மல்லசமுத்திரத்தில் ஒரு பெண்ணின் சாதகம் வந்திருக்கிறது, பெண் என்னைப்போல் வாயாடி என்று கேள்விப்பட்டேன், எனக்குப் பிடித்துவிட்டது. லீவு கிடைத்ததும் வா, ஒயர் உள்ள சாமான் எதுவும் கொண்டுவராதே, உங்கப்பாவுக்குக் கைவசம் வேலை இருக்கிறது. நீ நல்லபடியாக, நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி இருக்கவேண்டும் சாமி. நீ வருகிறபோது உனக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ள இடம் கேட்டிருக்கிறேன், உங்கப்பா ஊசி போடுகிறவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
பானைத் தண்ணீர் குடித்துச் சுகமாக இருக்கும்
உன் அம்மா,
சௌந்திரம்.