ஒரே பக்கம் சாய்ந்த மடிப்புகள்

மார்ச் 3

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாம் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் அடம் பிடிக்கிறது.

நம் மைனா போன் செய்தாள். அவள் வீட்டில் இன்னும் ஒரே ஓர் ஆள் படுக்கத்தான் இடமாம். "பிரசவத்துக்கு அம்மா வரட்டுமா, நீங்க வரீங்களா பெரியம்மா? ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கோங்க" என்றாள். இதில் பேச என்ன இருக்கிறது? பெற்றவள் நீ. இரண்டு வயதிலிருந்து ஒன்பது வயது வரை தலை வாரி, பேன் பார்த்து, பாடம் சொல்லிக்கொடுத்து வளர்த்தவள்தான் நான். நீ வெளியூரில் வேலை பார்த்தாய், பாவம், உன் மேல் தப்பில்லை. நீயே போ. நான் ஒன்றும் சொல்லவில்லை.

குழந்தைக்கான துண்டுத் துணிப் போர்வையாவது நம் இருவர் கையும் பட்டதாக இருக்கட்டும். எட்டு வரிசை. வாத்துப் படம் போட்ட துணியும் நீலத் துணியும் கட்டம் கட்டமாக மாறி மாறி வரும். ஒற்றை வரிசைகள் எனக்கு, இரட்டை வரிசைகள் உனக்கு. கடைசியில் நீயே சேர்த்துவிடு.

கவனமாகக் கேள். கட்டங்களை இணைத்ததும் பின்பக்கம் தையல் மடிப்பு எழும்பி நிற்கும். நான் அதை வலப்பக்கம் சாய்த்துத் தேய்ப்பேன். நீ இடப்பக்கம் சாய்த்துத் தேய். அப்போதுதான் வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், மூலைகள் நேராக முட்டும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் புடைத்துக்கொண்டு கட்டம் விலகிப் போகும். இஸ்திரிப் பெட்டியை இழுக்காதே, துணி நீண்டுவிடும். வைத்து வைத்து எடு. உனக்கு எதிலும் அவசரம், அதனால் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 14

அன்பு அக்காவுக்கு,

ஒன்றும் சொல்லவில்லை என்று நீ எழுதிய பக்கத்தை மூன்று தடவை படித்தேன். இன்னும் சொல்வதற்கு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்ன?

என் நாலு வரிசையும் முடிந்தது. 'இடப்பக்கம்' என்று சுவரில் எழுதி ஒட்டிவைத்துத் தேய்த்தேன். ஆபீசில் ஆறு வாரம் லீவும் கிடைத்துவிட்டது. மேலாளர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மைனா இப்போதெல்லாம் தினமும் கூப்பிடுகிறாள். போனை வயிற்றில் வைத்துக்கொண்டு, "அம்மா, பாப்பாகிட்ட ஏதாவது பேசேன்" என்கிறாள். என் குரலைக் கேட்டால் உதைக்கிறதாம். உன்னையும் பேசச் சொன்னாளா?

உன் வரிசைகளை அனுப்பு. போர்வையைச் சேர்த்து அவளுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன்.

உன் குட்டி

மார்ச் 22

குட்டிக்கு,

நாலு வரிசையும் இத்துடன் வருகின்றன.

என்னை அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவாள். சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா என்று கேட்பாள். பாப்பாவிடம் பேசச் சொன்னதில்லை. அம்மா நீ இருக்கும்போது என்னிடம் ஏன் சொல்ல வேண்டும்?

மடிப்பெல்லாம் பார்த்துத் தேய்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம்.

அக்கா

ஏப்ரல் 16

குட்டி,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. மைனாவிடம் "போர்வை வந்துதாடி?" என்று கேட்டால், "வந்துது பெரியம்மா, நல்லாருக்கு" என்று பேச்சை மாற்றுகிறாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் சொன்னபடி வலப்பக்கம்தான் தேய்த்தேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. வயிற்றில் போன் வைத்த கதையைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, ஒவ்வொரு மடிப்பாகத் தண்ணீர் தெளித்து, பழைய தடம் தெரியாமல் இடப்பக்கம் திருப்பித் தேய்த்தேன். சேர்ப்பவள் நீ. கோணலாக வந்தால் பழி உன் மேல்தான் விழும். பெரியம்மா சேர்த்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அவள் ஒரு தடவை சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அறுபத்திரண்டு வயதில் எனக்கு இந்தப் புத்தி. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் எழுது.

அக்கா

ஏப்ரல் 25

அக்காவுக்கு,

உன் முதல் வரிசையைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. நாலு வரிசையும் பிசகாமல் தப்பான பக்கம் சாய்ந்திருந்தால் அது மறதி இல்லை. வரிசைகளைத் தலைகீழாகத் திருப்பினால் மடிப்பு சரியாகிவிடும், ஆனால் வாத்துகள் காலை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அது வேண்டாமென்றால் ஒரு மணி நேரம் தேய்த்தால் போதும். நான் தேய்க்கவில்லை. மூலைக்கு மூலை புடைத்துக்கொண்டு, கோணல்மாணலாக அப்படியே சேர்த்து அனுப்பினேன். மைனா கேட்டால் இது உன் பெரியம்மாவின் வேலை என்று சொல்லக் காத்திருந்தேன்.

ஆறு வயதில் காய்ச்சலில் கிடந்தவளை நான் ஓடி வந்து தூக்கினேன். "நீ வேணாம், பெரியம்மாதான் வேணும்" என்று உன் தோளுக்குத் தாவினாள். உனக்கு மட்டும்தான் வயிறு எரியும் என்று நினைத்தாயா?

போர்வை போய்ச் சேர்ந்த அன்றே கூப்பிட்டாள். விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னம்மா இது, வாத்துக்கெல்லாம் கழுத்து சுளுக்கிக்கிச்சா?" நான் வாயைத் திறப்பதற்குள், "பெரியம்மாகிட்ட சொல்லிடாதம்மா. பாவம், அவங்க மனசு ஒடஞ்சு போயிடும்" என்றாள்.

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். என் மனசும் உடையும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நாள் அழுதேன். அப்புறம்தான் புரிந்தது. உன்னிடம் அவள் பார்த்துப் பார்த்துப் பேசுகிறாள். என்னிடம் எரிந்து விழுகிறாள், கிண்டல் செய்கிறாள், பாதிப் பேச்சில் போனை வைக்கிறாள். அம்மாவிடம்தான் பிள்ளைகள் அப்படி இருப்பார்கள். அது எனக்கு எப்போதோ கிடைத்துவிட்டது அக்கா, நான்தான் கவனிக்கவில்லை.

அதனால் பிரசவத்துக்கு நீ போ. லீவு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மைனாவிடமும் சொல்லிவிட்டேன். போனதும் போர்வையைக் கையில் எடுத்து, மடிப்பைத் திருப்பித் தேய்த்தது நீதான் என்று உன் வாயால் அவளிடம் சொல். நான் சொல்ல மாட்டேன்.

அவள் கோபப்பட்டால் எழுது. அழுதால் எழுது. உன்னைப் பார்த்தும் அதே மாதிரி விழுந்து விழுந்து சிரித்தால் மட்டும் எனக்கு எழுதாதே. அதை என்னால் தாங்க முடியாது.

குட்டி