ஒரு காதும் இரண்டு பாஸ் பெட்டிகளும்

ஜூன் 11, வியாழன்

காலையிலிருந்தே அனல் காற்று. ரோட்டுப் புழுதி முழுக்க ஜெராக்ஸ் கண்ணாடி மேல். இரண்டு முறை துடைத்தாயிற்று. கடை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிரே; வியாழன் என்றால் கூட்டம் கம்மி. மனு கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் திங்கள்தான்.

பதினொன்றரைக்கு போன். செங்கம் ரோடு மாந்தோப்பு கஃபே, ஷாலினி மேடம்.

"ரேவதி, இருபத்தொண்ணு சண்டே ஃப்ரீயா? நாலுல இருந்து ஆறு வரைக்கும் நீங்க டிஜே பண்றீங்களா?"

அவர் முடிப்பதற்குள் சரி என்றேன். சவுண்டு நீங்களே கொண்டு வரணும் என்றார். அதற்கும் சரி.

மூன்று வருடம் முன்னால் அதே கஃபேவுக்கு மெனு அட்டை லேமினேட் செய்து கொடுக்கப் போனபோதுதான் முதன்முதலாக அந்தப் பாட்டைக் கேட்டேன். கிட்டார் தாளத்தின் மேல் விழாமல் இடைவெளியில் விழுந்தது. அடியில் பாஸ், அந்தத் தடித்த கீழ்ச் சத்தம், வயிற்றுக்குள் யாரோ நடப்பது போல. முடியும் வரை அட்டைகளோடு நின்றேன். சமையல்கட்டில் இருந்தவரிடம் கேட்டேன். "ரெக்கே, ஜமைக்கா பாட்டு" என்றார், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. அன்றிலிருந்து லேப்டாப்பில் பாட்டு கலக்கப் பழகுகிறேன், மேடத்திடமும் சொல்லி வைத்திருந்தேன்.

இருபத்தெட்டு வயது. வெளி ஆட்கள் முன்னால் இதுதான் முதல் முறை. மாடியில் காயும் துணிகளுக்கு முன்னால் போட்டது கணக்கில் வராது.

தேவை: பாஸ் பெட்டி 2, ஆம்ப் (மாமா). நீள வயர். லேப்டாப் சார்ஜர், முனை ஆடுகிறது. கருப்புச் சட்டை, அயர்ன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இடது காது. ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது, போகும்போது அதையும் கொண்டுபோய்விட்டது. மேடம் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

ஜூன் 12, வெள்ளி

மாலை, அக்கா வீடு. எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி. அக்கா புருஷன் ஏழுமலை மாமாவுக்கு சவுண்டு சர்வீஸ் தொழில். அடி அண்ணாமலையில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவர் பெட்டிதான்.

போனில் ஒரு டப் பாட்டு போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு:

"பாடுறவன் எங்க போனான்?"

"எடுத்துட்டாங்க மாமா. பாட்ட கழிச்சுட்டு ட்ரம்மையும் பாஸையும் மட்டும் வச்சு, எக்கோ போட்டு இழுப்பாங்க. அதான் டப்."

"பாடுறவனுக்கு காசு குடுக்க வேணாம்னா?"

அக்கா சிரித்துச் சிரித்து முறத்தைக் கீழே போட்டாள். மாமா சிரிக்கவில்லை. இன்னொரு தரம் போடச் சொன்னார். "பாஸ் சுத்தமா இருக்குது. என் டபுள் பதினெட்டு இஞ்சு பெட்டி ரெண்டும் இதுக்குத்தான் லாயக்கு. எடுத்துக்கோ."

கேட்க நினைத்ததைக் கேட்கும் முன்பே கிடைத்துவிட்டது.

ஜூன் 14, ஞாயிறு

மாமா ஷெட்டில் ஒத்திகை. காலை ஒன்பது முதல் ஒன்று வரை.

இங்கேதான் இடித்தது. ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்ததை ஹெட்ஃபோனில் கேட்டு, இரண்டின் தாளமும் ஒன்றாகும் இடத்தில் உள்ளே விட வேண்டும். எல்லா டிஜேயும் ஒரு காதில் ஹெட்ஃபோன், மறு காதால் வெளியே கேட்பார்கள். எனக்கு மறு காது இல்லை. மாடியில் ஹெட்ஃபோனைப் போட்டும் எடுத்தும் சமாளித்தேன், சின்ன ஸ்பீக்கர், சின்னப் பிழை. இவ்வளவு பெரிய பெட்டியில் பிழையும் பெரிதாகக் கேட்கிறது. ஐந்து முறை முயன்றேன். ஐந்து முறையும் நொண்டி மாடு வண்டி இழுத்த மாதிரி.

கோபத்தில் செருப்பைக் கழற்றி எறிந்தேன்.

பெட்டிகள் கரையான் ஏறாமலிருக்கப் பலகை மேல் நிற்கின்றன. நானும் அதே பலகை மேல். வெறுங்கால் பட்டதும் பாஸ் முழுக்கக் காலில். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, எலும்பில். ஹெட்ஃபோனை வலது காதில் இறுக்கினேன். புதுப் பாட்டு காதில், பழைய பாட்டு காலில். விட்டேன். ஒட்டிக்கொண்டது.

திரும்பவும். ஒட்டியது. பதினோரு முறை எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை.

அம்மா மல்லாட்டைக்குக் களை எடுத்துவிட்டு வயலிலிருந்து வந்து ஷெட் வாசலில் நின்றாள். "இன்னாடி இது, செவுரெல்லாம் அதிருது." நான் ஆடிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் நாலு தோசை. அக்கா கண் வைத்தாள்.

ஜூன் 16, செவ்வாய்

கடையில் ஒருத்தர் இடது பக்கம் நின்று பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். "இன்னாமா, காது கேக்காதா?" "ஒண்ணு கேக்கும்ணே, இந்தாண்ட வாங்க." பாவம், முகம் சுருங்கிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பாட்டு வரிசை முடிவு. நான் வைத்த பெயர்கள்: ஓட்டு மேல் மழை. இருமல்காரர். ரயில் கேட். கிணற்றுக் குரல். ஈரச் சாக்கு. மொத்தம் பதினாறு. இருமல்காரரை முதலில் வைக்கக் கூடாது, பயந்துவிடுவார்கள்.

சார்ஜர் மாற்றியாயிற்று.

ஜூன் 18, வியாழன்

இடத்தைப் பார்க்க மூன்று மணிக்கு கஃபே. கடை முதலாளி பாய் அரை நாள் லீவு விட்டார்.

அங்கே ரோஷன். பாண்டிச்சேரியில் நான்கு வருடமாக டிஜே, இந்த வாரம் இங்கே தங்கியிருக்கிறார். மேடம் அவருக்கும் ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டார். நாலு முதல் ஐந்து நான், ஐந்து முதல் ஆறு அவர். அது பரவாயில்லை.

நான் ப்ளக் பாயின்ட் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் இடது பக்கமிருந்து ஏதோ கேட்டிருக்கிறார். இரண்டு முறை. திரும்பினால் முறைத்துக்கொண்டு நிற்கிறார். காது விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பு கேட்டார், உடனே, உண்மையாகவே. அதற்குப் பிறகுதான் சொன்னார்:

"அப்போ மிக்ஸ் பண்றது முடியாதேங்க. பேசாம பிளேலிஸ்ட் போட்டு விட்டுடுங்களேன். யாருக்கும் தெரியாது."

மேடமும், "நீங்க ஏன் கஷ்டப்படணும் ரேவதி?"

கெட்ட மனசு இல்லை இரண்டு பேருக்கும். அதனால்தான் அவ்வளவு எரிந்தது. பள்ளிக்கூடத்தில் என்னைப் பாட்டு கிளாஸிலிருந்து எடுத்து லைப்ரரியில் உட்கார வைத்ததும் இதே குரல்தான். கஷ்டப்படாதே.

"சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பெட்டியோட வரேன். ஒரு அரை மணி நேரம் கேளுங்க. நல்லா இல்லன்னா பிளேலிஸ்ட்டும் வேணாம், நான் வரல" என்றேன்.

ஸ்கூட்டியில் வரும்போது அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 20, சனி

குட்டியானை லோடு வண்டியில் பெட்டிகள். மாமா முன்னால், நான் பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு. கிரிவலப் பாதை முழுக்க வேகத்தடை.

மாமரத்தடியில் சிமென்ட் மேடை. வைத்தோம், இணைத்தோம். மேடமும் ரோஷனும் நாற்காலியில். முதல் பாட்டு நன்றாக ஏறியது. செருப்பைக் கழற்றினேன். காலில் ஒன்றுமே இல்லை.

சிமென்ட். கல் மாதிரி செத்துக் கிடக்கிறது. ஏதோ குருட்டுத் தைரியத்தில் இரண்டாவது பாட்டை விட்டேன். இரண்டும் முட்டி மோதி, எச்சில் தட்டுகள் விழுவது போல ஒரு சத்தம். சமையல்கட்டிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

மேடம் தரையைப் பார்த்தார். ரோஷன் மெல்ல, "பரவால்லீங்க."

"ஒரு நிமிஷம்" என்றேன். ஷெட்டில் இருந்தது, இங்கே இல்லாதது எது? பலகை. "மாமா, பெட்டிக்கு அடியில பலகை வேணும். நானும் அதே பலகையில நிக்கணும்." மாமா ஏன் என்று கேட்கவில்லை. வண்டித் தொட்டியில் விரித்திருந்த ப்ளைவுட்டை உருவினார். நாலு செங்கல், அதன் மேல் பலகை, பலகை மேல் பெட்டி. பக்கத்தில் நான்.

போட்டேன். கால் வழியாக வந்தது.

அரை மணி என்றது ஐம்பது நிமிடம் ஆனது. ஒரு இடத்திலும் நொண்டவில்லை. ரயில் கேட்டிலிருந்து ஈரச் சாக்குக்குப் போன இடம் எனக்கே சிலிர்த்தது. முடிந்ததும் ரோஷன் எழுந்து வந்தார், ஷூவைக் கழற்றிவிட்டுப் பலகை மேல் ஏறினார். "இன்னொரு தரம் அந்த பாஸ் போடுங்க." போட்டேன். ரொம்ப நேரம் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், நாளைக்கு நான் முதல்ல பண்ணிடறேன். இவங்களுக்கு அப்புறம் நான் வந்தா சப்புனு இருக்கும்."

மாமா வண்டியில் ஏறியதும்: "பாண்டிச்சேரிக்காரன் நல்லவன்."

ஜூன் 21, ஞாயிறு

ரொம்பக் களைப்பு. சுருக்கமாக.

நாற்பது பேர் இருக்கும். பாதி வெளிநாட்டுக்காரர்கள், பாதி நம்மூர். கேட்டுக்கு வெளியே ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர். அக்கா பட்டுப் புடவையில், ஏன் என்று தெரியவில்லை. அம்மா வர மாட்டேன் என்றவள், வந்து கடைசி நாற்காலியில்.

முதல் இணைப்பு அரை அடி தாமதம். வியர்த்துவிட்டது. இரண்டாவது சரி. மூன்றாவதிலிருந்து நான் பார்க்கவே இல்லை, கை தானாகப் போனது. இருமல்காரருக்கு எக்கோவை இழுத்து விட்டபோது ஒரு பிரெஞ்சுக்காரர் கத்தினார். ஆட்டோக்காரர்களில் ஒருவர் கேட்டுக்கு உள்ளே வந்து ஆடினார், காக்கிச் சட்டையோடு. "சினிமா பாட்டு போடுக்கா!" என்று ஒரு முறை. அப்புறம் கேட்கவில்லை, ஆடினார்.

ஆறு மணிக்கு நிறுத்தினேன். மலைமேல் வெயில் இன்னும் இருந்தது. கை தட்டினார்கள். ஒற்றைக் காதுக்குத் திசை கிடையாது, எந்தப் பக்கம் அதிகம் என்று எனக்குத் தெரியாது.

மேடம்: மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரமும் நான்.

ஜூன் 22, திங்கள்

மனு நாள். காலை எட்டுக்கே கூட்டம். டோனர் தீர்ந்தது. ஆட்டோக்காரர் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தார், என்னைப் பார்த்து இரண்டு நிமிடம் சிரித்தார்.

இதை எழுத வேண்டும். காலையில் கிளம்பும் முன். அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தாள், என் வலது பக்கம். எப்போதும் வலது பக்கம்தான் உட்காருவாள், நடப்பாள், இருபத்தொரு வருடமாக. காது போனதைப் பற்றி மட்டும் பேச மாட்டாள். ஆஸ்பத்திரிக்கு நாலு நாள் தாமதமாகக் கொண்டுபோனது அவளுக்குள் இருக்கிறது.

"நேத்து, எல்லாம் போன பெறவு மாமன் பெட்டிய டெஸ்ட்டு பண்ணாரு இல்ல" என்றாள். "அப்ப நானும் போயி அந்தப் பலகை மேல நின்னேன்டி."

"நிஜமாவா?"

"கண்ண மூடினு நின்னேன். சத்தம் எங்க இருந்து வருதுனே தெரியல. இந்தாண்டயா, அந்தாண்டயா, ஒண்ணும் புரியல. எல்லாப் பக்கமும் இருக்குது." நார் கையிலேயே நின்றது. "உனுக்கு எப்பவும் இப்டிதானா?"

"ஆமாம்மா. எப்பவும் இப்படித்தான்."

ஒரு பூவை எடுத்து முடிச்சுப் போட்டாள்.

"நல்லாத்தான்டி இருக்குது" என்றாள்.