ஐரோப்பாவுக்கு நீ எழுதிய பதினேழாம் பிரிவு

என் பாசத்துக்குரிய பாஸ்கர் அண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் கை போகிறது. கேட்டு என்ன ஆகப்போகிறது? என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் தட்டில் போட்ட சோறு இறங்கவில்லை. இன்றைக்குக் காலை எட்டு ஆலைக்காரர்கள் முன்னால் எழுந்து நின்று, நீ எழுதிய ஒரு வரியைக் காட்டி, "நாங்க வர முடியாது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் யாரைப் பார்த்து? உன் உயிர்த் தோழன் சரவணனைப் பார்த்து.

இந்தக் கடிதத்தை நம் ஆலைச் சங்கங்களின் கூட்டமைப்புச் சுற்றறிக்கையில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று எல்லோருக்கும் தெரியட்டும். முதுகுக்குப் பின்னால் பேசினாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

உன்னைப் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். ஒரகடத்தில் இரண்டாயிரம் பேர் வேலை செய்யும் பெரிய கார் ஆலையில் நீ லைனில் நின்றாய். தபாலில் எம்.ஏ. அரசியல் படித்தாய். கடைசி வருடம் ஒரு கட்டுரை கேட்டார்கள்: 'ஐரோப்பிய நாடுகளின் கூட்டாட்சிக்கு ஓர் அரசமைப்பை வரைக.' மற்றவர்கள் பத்துப் பக்கம் எழுதி அனுப்பிவிட்டார்கள். நீயோ நிஜமாகவே அந்த நாடுகளெல்லாம் உன் கையெழுத்துக்காகக் காத்திருப்பதுபோல உட்கார்ந்துவிட்டாய்.

கம்பெனி பஸ்ஸில் எழுதினாய், சாப்பாட்டு இடைவேளையில் எழுதினாய், ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் வரைபடத்தை விரித்துப்போட்டு யாரையும் நடக்கவிடாமல் எழுதினாய். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "தெருக்குழாயில தண்ணி வர்ல, அதுக்கு ஒரு மனு எழுதித் தாடான்னா முடியலியாம். ஐரோப்பாவுக்குச் சட்டம் எழுதிகினு கீறான்!"

நான் மட்டும் உன்னோடு சண்டை போட்டேன். எனக்கு அதில் ஒரு சொந்த விஷயம் இருந்தது. காருக்குள் போகும் வயர்களைக் கட்டுகிற சின்னக் கம்பெனியில் அறுபத்து மூன்று பெண்களில் நானும் ஒருத்தி. பெரிய ஆலை தும்மினால் எங்களுக்கு ஜுரம் வரும். அதனால் கேட்டேன்: "பெரிய நாடு சின்ன நாட்ட முழுங்காம இருக்கறதுக்கு இன்னா வழி வெச்சிக்கீற?"

"ரெண்டு அவை," என்றாய். "ஒண்ணுல தலைக்கணக்கு. ஜனம் எவ்ளோவோ அவ்ளோ ஓட்டு. இன்னொண்ணுல எல்லா நாடும் சமம். கைக்குட்ட சைசு தீவா இருந்தாலும் அதுக்கும் ஒரு ஓட்டு. ரெண்டும் ஒத்துக்கினாதான் சட்டம்."

தலைமை எந்த நாட்டிலும் நிலைத்துவிடாமல் முறை வைத்துச் சுற்றி வர வேண்டும் என்றாய். பள்ளிக்கூடமும் மொழியும் அந்தந்த நாட்டிடம் இருக்க வேண்டும், எல்லையும் நாணயமும் எல்லோருக்கும் பொது என்றாய். பிரிந்து போக நினைக்கிறவனுக்குக் கதவைச் சாத்தக் கூடாது, ஆனால் கோபத்தில் எழுந்து போகிறவன் ஒரு வருடம் யோசித்துவிட்டுப் போகட்டும் என்றாய். அதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. பதினேழாம் பிரிவில்தான் நமக்குள் தகராறு வந்தது.

'போர் தொடுப்பதானால் எல்லா நாடுகளும் இசைய வேண்டும். ஒரு நாடு மறுத்தாலும் போர் இல்லை.'

"அப்போ ஒரு நாட்ட எவனாவது அடிச்சா? பக்கத்து நாடு ஒண்ணு பயந்துகினு வேணாம்னு சொல்லிச்சின்னா, மத்த எல்லாம் வேடிக்க பாக்குமா?" என்று கேட்டேன். நீ பேனாவைக் காதில் செருகிக்கொண்டாய். "பெரிய நாடு முடிவு பண்ணுது வசந்தி, சின்ன நாட்டுப் புள்ள சாவுது. அத வுட முடியாது," என்றாய். பிறகு, "நீ கேட்டதுக்கும் ஒரு பதில் இருக்கணும், யோசிக்கணும்," என்றாய்.

யோசித்தாயா? கட்டுரையை அனுப்ப நான்கு நாள் இருக்கும்போது வாலாஜாபாத் சாலையில் அந்த லாரி வந்தது. பதிலை நீ எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. நான் எல்லாவற்றையும் தேடிப் பார்த்துவிட்டேன், அண்ணா.

உனக்குப் பதினாறாம் நாள் முடிந்து மூன்று மாதம் கழித்துச் சரவணன் வீட்டுக்கு வந்தான். இங்கே ஒன்பது ஆலைகளின் சங்கங்கள் ஒன்றாகச் சேர்வது என்று பேசி முடித்திருந்தார்கள். விதிகள் எழுதத்தான் ஆள் இல்லை. எழுத உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் பெரிய ஆலைக்காரர்கள் தலைக்கணக்கு வேண்டும் என்பார்கள், சின்ன ஆலைக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். சரவணன் உன் நீல ஃபைலைப் புரட்டினான். புரட்டப் புரட்ட அவன் முகம் மாறியது. "வசந்தி, எல்லாம் இதிலயே கீதும்மா! நாடுன்னு கீற எடத்துல ஆலன்னு போட்டா வேல முடிஞ்சிது!"

அப்படியேதான் செய்தோம். நம் கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தோம். ஒருவர் படிக்க, நான் அடித்து எழுதினேன். நாடு ஆலை ஆனது. நாடாளுமன்றம் பொதுக்குழு ஆனது. நாணயம் சந்தா ஆனது. பதினேழு வந்தபோது படிக்கிறவர் நிறுத்தினார். "போர்னு கீதே, நமக்கேது போரு?" சரவணன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "நமக்கு இன்னா போரு? ஸ்ட்ரைக்குதான்! போடும்மா."

போட்டேன். 'கூட்டமைப்பு வேலைநிறுத்தம் செய்வதானால் எல்லா ஆலைகளும் இசைய வேண்டும். ஒரு ஆலை மறுத்தாலும் வேலைநிறுத்தம் இல்லை.' எழுதும்போதே எனக்கு உறைத்ததா? உறைத்தது. உண்மையைச் சொல்கிறேன், உறைத்தது. போரில் அடிக்கிறவன் வேறு, வேலைநிறுத்தத்தில் அடி வாங்கிவிட்டு எழுந்திருக்கிறவன் வேறு. இரண்டும் ஒன்றில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். என் அறுபத்து மூன்று பேருக்கும் அது ஒரு பூட்டாக இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒன்பது ஆலைக்காரர்களும் கைதட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். உன் போட்டோவுக்கு மாலை போட்டார்கள். அம்மா அன்றைக்குத்தான் முதல்தடவையாக உன் ஃபைலைத் தொட்டுப் பார்த்தாள்.

போன வாரம் பெரிய ஆலையில் பதினொரு பேரை வெளியே அனுப்பிவிட்டார்கள். கேட்டில் கூட்டமைப்பின் துண்டறிக்கை கொடுத்தார்களாம், அதுதான் குற்றம். முதல் பெயரே சரவணன். பெரிய ஆலைக்காரர்கள் நாளைக்குக் காலை முதல் ஷிப்டிலிருந்து உள்ளே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். மற்ற எட்டு ஆலைகளும் கூடவே இறங்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது.

கூட்டமைப்பில் எங்கள் கம்பெனிக்குப் பிரதிநிதி நான்தான்; எங்கள் பெண்களிடம் சனிக்கிழமை பஸ்ஸிலேயே கேட்டேன். ஜெயந்திதான் பேசினாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறவள். "எக்கா, அவங்க பர்மனென்ட்டு. கோர்ட்டு கேசுன்னு போவாங்க. நாம கான்ட்ராக்ட்டு. ஒரு போன்ல மொத்த பேரையும் தூக்கிட்டு வேற பஸ்ல ஆள் எறக்கிடுவான். அவங்கள வெளிய அனுப்புனது தப்புதான், வவுறு எரியுது. ஆனா எங்களால முடியாதுக்கா." பஸ் தண்டலம் தாண்டுவதற்குள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஒருத்திகூட மாற்றிச் சொல்லவில்லை.

இன்றைக்குக் காலை கல்யாண மண்டபத்தில் கூட்டம். முறை வைத்துச் சுற்றும் தலைமை இந்தத் தடவை சரவணன் கையில். ஆலை ஆலையாகப் பெயர் கூப்பிட்டான். எட்டும் "சம்மதம்". ஒன்பதாவதாக எங்கள் கம்பெனி. எழுந்தேன். "நாங்க வர முடியாது. பதினேழாம் பிரிவுப்படி மறுக்கிறோம்."

மண்டபம் அப்படியே கொதித்தது. "அறுபது பேரு எட்டு ஆலைய நிறுத்தறீங்களா?" என்று ஒருத்தர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தார். "கம்பெனிக்காரன் இன்னா குடுத்தான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்த ஆள் மட்டும் என் முன்னால் வந்து சொல்லியிருந்தால் செருப்பு பிய்ந்திருக்கும். சரவணன் எழுந்து என் எதிரே வந்தான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பாஸ்கர் எழுதின சட்டத்த வெச்சே என் கழுத்த அறுக்கிறியா வசந்தி? அவன் இருந்தா இன்னிக்கி எந்தப் பக்கம் நிப்பான், சொல்லு!"

நான் என்ன சொல்வேன்? நீ எந்தப் பக்கம் நின்றிருப்பாய்? எனக்குத் தெரியாது, அண்ணா. "அண்ணன் போருக்கு எழுதுச்சி. ஸ்ட்ரைக்குக்குப் போடச் சொன்னது நீங்க. தப்புன்னு தெரிஞ்சும் எழுதினது நானு. ரெண்டு பேருந்தான் பொறுப்பு. ஆனா இன்னிக்கி இதான் சட்டம். என் பொண்ணுங்க இத நம்பித்தான் உள்ள வந்தாங்க," என்றேன்.

"அப்போ அந்தப் பிரிவ இப்பவே கிழி! கை தூக்குங்கப்பா!" என்றார்கள். கைகள் உயரத் தொடங்கின. திருத்த வேண்டுமானால் பதினைந்து நாள் முன்னறிவிப்பு என்று நீ எழுதியதை யாரும் கேட்கிற நிலையில் இல்லை. அப்போது ரப்பர் கம்பெனிக்காரர் ஒருவர், எங்களைப் போலவே சின்ன ஆலை, தூக்கிய கையை இறக்கினார். "இன்னிக்கி இவங்களுக்காகக் கிழிச்சா, நாளைக்கி எங்களுக்குன்னு வரும்போது எவன் தெக்கறது?" என்றார். இன்னும் இரண்டு கை இறங்கியது. எல்லோரும் சரவணனைப் பார்த்தார்கள்.

அவன் மேசைக்குத் திரும்பிப் போனான். தண்ணீர் குடித்தான். வேலை போனவன், வீட்டுக் கடனுக்கு என்ன செய்வதென்று தெரியாதவன், அவன் ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் காகிதம் கிழிந்திருக்கும். அவன் கூட்டக் குறிப்பை எடுத்து நிறுத்தி நிறுத்திப் படித்தான். "ஒரு ஆலை மறுத்ததால... கூட்டமைப்பின் வேலைநிறுத்தத் தீர்மானம் தோற்றது." படித்து முடித்ததும் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே வெளியே போய்விட்டான்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். நீ வரைபடத்தை விரித்துக்கொண்டு இத்தனை நாள் எதைத் தேடினாயோ அதை நான் இன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். பெரியவன் தன் பலத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு எழுத்துக்கு அடங்கி உட்கார்ந்ததைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகும் மனம் ஆறவில்லையே, ஏன்?

பதினேழாம் பிரிவு கட்டுவது கூட்டமைப்பைத்தான், ஆட்களை இழந்த ஆலையை அல்ல; அதனால் நாளைக்குப் பெரிய ஆலை தனியாகத்தான் கேட்டில் நிற்கப்போகிறது. சாயங்காலம் ஜெயந்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நினைத்திருந்ததை அவளிடம் சொன்னேன். திடுக்கிட்டுப் போனாள். "எங்களுக்காக வேணாம்னுட்டு நீ மட்டும் போறியா? நீயும் கான்ட்ராக்ட்டுதானக்கா. வேல போயிடும்."

"போகட்டும்டி. உங்க ஓட்டத்தான் காலைல போட்டேன். என் ஓட்ட இன்னும் போடல."

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். திட்டினாள். வாய்க்கு வந்தபடி திட்டினாள், உன்னையும் சேர்த்து. பிறகு, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டாள்.

அண்ணா, அந்தப் பதினேழாம் பிரிவைப் பதினைந்து நாள் கெடு வைத்து, முறையாகப் பொதுக்குழுவில் வைத்து, நானே திருத்தித் தருகிறேன். அது பிறகு. நாளைக்குக் காலை எங்கள் கம்பெனி பஸ் வரும், அறுபத்து இரண்டு பேர் ஏறுவார்கள். நான் ஏறமாட்டேன். சரவணன் பேசினாலும் பேசாவிட்டாலும், போடி என்று விரட்டினாலும், அந்தக் கேட்டில் அவன் பக்கத்தில் நிற்பேன். அறுபத்து இரண்டு பேரின் பிழைப்பை யாருக்காகவும் எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. என் பிழைப்பு என்னுடையது. அதைக் கொடுக்கிறேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
வசந்தி