கறுப்புத் துணியின் மடிப்பு

ஜூலை 7, 2025

நான் வேலை பார்க்கும் புர்கா கடை வெப்சைட்டில் வேலைக்கான படிவத்தைப் போட்டாயிற்று. புர்காக்களைப் படம் எடுத்து ஏற்ற ஒரு பெண் வேண்டும். பெயர், போட்டோ, வாப்பா பெயர், வீட்டு முகவரி எல்லாம் கேட்டிருக்கிறேன். வாப்பா பெயர் எதற்கு என்று முதலாளியும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கீழே 'உங்கள் விவரங்களை யாருக்கும் தரமாட்டோம்' என்று வேறொரு கடையைப் பார்த்து எழுதினேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

ஜூலை 10

பதினோரு பேர். தஸ்மியா என்ற பெண்தான் சரி. கறுப்புத் துணியை மடிப்பு தெரியப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். நான் எடுத்தால் கரிமூட்டைதான். கடைசியில் எழுதியிருந்தாள்: 'வீட்டில் இன்னும் சொல்லவில்லை. என் நம்பருக்கு மட்டும் கூப்பிடுங்கள். வேலை உறுதியானதும் வாப்பாவிடம் நானே சொல்லிக்கொள்வேன்.'

திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 11

கொழுந்தன் ரஷீதுக்குப் பெண் தேடி மாமி ஓய்ந்துவிட்டார். "ஒங் கடைக்கு எத்தன பிள்ளைய வருதுவ, ஒண்ணக் காட்டேம்மா" என்றார். தஸ்மியாவின் படிவத்தை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நல்ல காரியம்தானே?

ஜூலை 14

தஸ்மியா வரவில்லை. போன் அணைந்து கிடக்கிறது.

மாமி நேற்றே அவள் வீட்டுக்குப் போய் வந்துவிட்டாராம். "எம் மருமவ ஷம்ஸியா கடைக்கு வேலை கேட்டு எழுதின பிள்ளையில்லா" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தாராம். அவள் வாப்பாவுக்கு முகம் செத்துப்போச்சாம். "அங்கனயே போனைப் பிடுங்கி வச்சிட்டாவ. கண்டிப்பான குடும்பம்" என்று மாமிக்கு ஒரே திருப்தி.

வாசிச்சேனே. அவ எழுதினத வாசிச்சிட்டுத்தானே அனுப்புனேன் — எனக்கு என்ன கேடு? வெட்கமா இருக்கு.

ஜூலை 15

நான் அனுப்பிய படிவத்தை அழித்துவிடுங்கள் என்று மாமியிடம் சொன்னேன். அது ரஷீதுக்கும் சொந்தக்காரர் நாலு பேருக்கும் போயே போய்விட்டது. வெப்சைட் படிவத்தில் பெயரும் நம்பரும் மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இன்னொருத்தியை உட்கார வைக்க மனசில்லை. முதலாளியிடம், "வந்த ஆளுங்க சரியில்ல, நானே எடுக்கேன்" என்று பொய் சொன்னேன்.

ஆகஸ்ட் 3

தஸ்மியா வீட்டில் சம்மதமாம். பெண்ணைக் கேட்டார்களா என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 19

நிக்காஹ் முடிந்தது. வந்தவர்களிடமெல்லாம் மாமி, "எல்லாம் எங்க ஷம்ஸியா பாத்துக் குடுத்த எடம்" என்றார்.

நவம்பர் 22

ரஷீது துபாய்க்குத் திரும்பிவிட்டான். அடுக்களையில் தஸ்மியாவும் நானும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். இன்றைக்காவது சொல்ல வேண்டும் என்று, "ஒன் விவரத்த நாந்தான் அனுப்புனேன். மன்னிச்சிரும்மா" என்றேன்.

"தெரியும்க்கா" என்றாள். உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு, கடை வெப்சைட்டைக் காட்டச் சொன்னாள். கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மடிப்பே தெரியலையே. சன்னல் பக்கம் வச்சி எடுக்கணும். யாரு எடுக்கிறது, அக்கா?"

"நாந்தான்."

போனைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.